காலைச் சுற்றிய கயிறு!

சீயமங்கலத்துக்கும் பாய்மரப் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் உள்ள சம்பந்தம்தான். சீயமங்கலத்துக்காரர் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் குறைந்தது இரண்டு பஸ்ஸாவது மாற வேண்டும். ஆனாலும் படகில் கயிறு சுருட்ட நான் கற்றுக்கொண்டது சாட்சாத் சீயமங்கலத்தில்தான்! குருநாதர் என் பெரியப்பா. அவர் கடலைப் பார்த்ததே வாழ்நாளில் இரண்டு தடவை. ஒரு தடவை மெரினாவில். இன்னொரு தடவை டி.வி.யில்.

முதலில் என் வீரப் பிரதாபத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சென்னையில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதுகிற ஆசாமி. பக்கத்து சீட் நண்பனுக்குத் திடீரென்று ஒரு ஞானோதயம். "எத்தனை நாளைக்குடா ஃபைலையே கட்டிக்கிட்டு அழறது? வா, பாய்மரப் படகு ஓட்டக் கத்துக்கலாம்!" என்றான். இரண்டு பெண்கள் உலகத்தையே சுற்றிவிட்டு வந்த செய்தி அவனை உசுப்பிவிட்டிருந்தது. இந்தியக் கடற்படையின் 'தாரிணி' படகு. நீளம் 56 அடி. 2024 அக்டோபர் 2-ம் தேதி கோவாவில் புறப்பட்டு, 2025 மே 29-ம் தேதி திரும்பி வந்தது. படகில் இருந்தது இரண்டே பேர். லெப்டினென்ட் கமாண்டர் தில்னா, லெப்டினென்ட் கமாண்டர் ரூபா. இதில் ரூபா நம்ம புதுச்சேரிக்காரர். செஞ்சியில் பஸ் ஏறினால் ரெண்டு மணி நேரத்தில் போகிற ஊர்! "நமக்கென்னடா குறைச்சல்?" என்றான் நண்பன். குறைச்சல் என்ன என்பது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

பாய்மரப் படகில் நாம் உட்காருகிற பள்ளத்துக்குக் காக்பிட் என்று பெயர். காக்பிட் என்றால் விமானத்தில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இதுவும் காக்பிட்டாம். நாலு பேர் முழங்கால் இடிக்க உட்காரலாம். அதற்குள் எத்தனை கயிறு என்கிறீர்கள்! பாயை மேலே ஏற்ற ஒரு கயிறு. ஏற்றிய பாயை இழுத்துப் பிடிக்க, தளர்த்த இன்னொரு கயிறு. முன்பாய்க்கு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. நம் கடலோரத்துக்காரர்கள் பாயை ஏற்றுகிற கயிற்றை ஆஞ்சான் என்பார்கள். பாயைப் பிடித்து ஆட்டி வைக்கிற கயிறு தாமான். பாயை ஏற்றி முடித்ததும், அதுவரை கம்பத்தில் இருந்த கயிறு பூராவும் நம் காலடியில் வந்து குவிந்துவிடும். தீபாவளிக்கு மறுநாள் தெருவைப் பார்த்த மாதிரி இருக்கும்.

"முதல்ல கயிறுகளை ஒழுங்கு பண்ணுங்க" என்றார் பயிற்சியாளர்.

"ஆகட்டும் சார்" என்று சொல்லிவிட்டு நான் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தேன்.

காற்று திசை மாறியது. பாய் படாரென்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் பாய்ந்தது. குவிந்து கிடந்த தாமான் கயிறு சர்ர்ரென்று ஓடியது. ஓடுகிற கயிறு சும்மா ஓடக்கூடாதா? அதில் ஒரு வளையத்துக்குள் என் வலது கால்! அடுத்த நொடி நான் மல்லாந்து, படகின் விளிம்பு வரை இழுபட்டுப் போனேன். பயிற்சியாளர் சுக்கானைத் திருப்பிப் பாயின் காற்றை விட்டதால் பிழைத்தேன். செல்போன் பிழைக்கவில்லை. அது இப்போது வங்காள விரிகுடாவில் சிக்னல் தேடிக்கொண்டிருக்கிறது.

கணுக்காலைச் சுற்றித் தோல் உரிந்து, வளையம் போட்ட மாதிரி ஒரு தழும்பு. அம்மாவிடம் மாடிப்படியில் தடுக்கியது என்று புளுகினேன். ஆபீஸில் பைக் சைலன்சர் என்றேன். இனிமேல் அந்தப் பக்கமே தலை வைப்பதில்லை என்று முடிவு செய்து, அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன்.

செஞ்சியில் இறங்கி, சித்தப்பா மகன் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். தேசிங்கு ராஜா குதிரையில் பறந்த சீமையில் நான் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் உருண்டேன். ராஜகிரிக் கோட்டை பின்னால் நின்று வேடிக்கை பார்த்தது. அதற்கு 2025 ஜூலையில்தான் யுனெஸ்கோ பட்டம் கிடைத்தது. மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்துக் கொடுத்த பட்டத்தில் தமிழ்நாட்டுக் கோட்டை இது ஒன்றுதான். தேசூரைத் தொட்டால் சீயமங்கலம் பக்கம்தான்.

செஞ்சியைப் பார்க்க வருகிறவர்கள் சீயமங்கலத்துக்கு வருவதில்லை. பாவம், அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை. மகேந்திரவர்ம பல்லவன் 1400 வருஷத்துக்கு முன்னால் குடைந்த கோயில் இங்கே இருக்கிறது. 'அவனிபாஜன பல்லவேச்வரம்' என்பது கல்வெட்டில் உள்ள பெயர். சாமி பெயர் தூணாண்டார். அங்கே ஒரு தூணில் சிவன் ஆடுகிறார். தமிழ்நாட்டில் ஆடும் சிவனுக்கு மிகப் பழைய சிற்பங்களில் அது ஒன்று. பாம்பைக் கண்டு பதறிக் காலைத் தூக்குகிற நிலை அது என்கிறார்கள் விஷயம் தெரிந்தவர்கள்.

எனக்குப் பகீரென்றது. காலடியில் நெளிகிறதைப் பார்த்தால் சிவனே காலைத் தூக்குகிறார். நான் செல்ஃபி எடுத்திருக்கிறேன்!

பக்கத்துக் குன்றில் சமணர் சிற்பங்கள், 9-ம் நூற்றாண்டு வேலை. பார்சுவநாதர், மகாவீரர், பாகுபலி. பாகுபலி அசையாமல் தவம் செய்ததில் காலைச் சுற்றிக் கொடி படர்ந்துவிட்டதாகக் கதை. அவரையும் என் கணுக்காலையும் மாறி மாறிப் பார்த்தேன். அவருக்குக் கொடி சுற்றியது, ஞானம் வந்தது. எனக்குக் கயிறு சுற்றியது, செல்போன் போனது.

பெரியப்பா வீட்டுக்குப் போனபோது கரண்ட் இல்லை. "கெணத்துல ரெண்டு வாளி எறைச்சு ஊத்திக்கடா" என்றார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாம்புக் கயிற்றைப் பிடித்தேன். திண்ணையில் இருந்தவர் எழுந்து வந்தார். வயது 74. பார்வை மட்டும் பருந்துக்கு.

"கால்ல இன்னாடா அது?"

"மாடிப்படி, பெரியப்பா..."

"மாடிப்படி சுத்துமா? கட்டுக்கயிறு தடம்டா இது. மாட்டுக் கால்ல எத்தினி பாத்திருக்கேன்."

அதற்கு மேல் புளுக முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவார் என்று பார்த்தால், சிரித்தார். "இழு. இழுக்கறப்ப கயித்த எங்க போடற, பாரு."

நான் இழுத்த கயிறு கால் இரண்டையும் சுற்றிக் கோலம் போட்டிருந்தது.

"தள்ளி நில்லு. ஒரே எடத்துல விழட்டும். கடைசியா வந்தது மேல கெடக்கும். வாளிய உள்ள உட்டா மொதல்ல போவ வேண்டியதும் அதுதான். நடுவுல கலைக்காத. வளையத்துக்குள்ள கால வைக்காத. கயிறு முனைய தூண்ல கட்டியிருக்கான்னு பாத்துக்கோ. இல்லாட்டி வாளியோட கயிறும் போயிடும்."

அட! பயிற்சியாளர் இதையேதானே இங்கிலீஷில் சொன்னார்! ஓட வேண்டிய கயிற்றைச் சுருட்டாதே, மடிப்பு மடிப்பாக விடு. முனையில் எட்டு மாதிரி ஒரு முடிச்சுப் போடு, உருளையை விட்டு நழுவாது.

வேலை முடிந்ததும் கயிற்றை எடுத்தார். கை நீளத்துக்கு ஒரு சுற்று, முறுக்கு போகிற பக்கமே சுற்றினார். "எதிர்ப் பக்கம் சுத்துனா கோவிச்சுக்கும். சிக்கு உழும்." கடைசி முழத்தை நடுவில் நாலு சுற்றுச் சுற்றி, வளையத்துக்குள் விட்டு இழுத்து, ஆணியில் மாட்டினார். தரையில் ஒரு இழை இல்லை. அன்றைக்குக் கவலை இறைத்த காலத்துப் பழக்கமாம். சாலைத் தூக்க ஒரு வடம். தண்ணீரைக் கொட்டுகிற தோல் தும்பிக்குத் தனியாக ஒரு வால்கயிறு. தடியான கயிறு பாரம் தூக்கும், மெல்லிய கயிறு வேலை வாங்கும். படகிலும் அதே கணக்குத்தான்!

அப்போதுதான் அவர் வலது கையைக் கவனித்தேன். மோதிர விரல் பாதிதான் இருக்கும். சின்ன வயதில் கேட்டால் "எலி தின்னுடுச்சு" என்பார். நாங்களும் நம்பினோம்.

"எலி இல்லடா" என்றார் அவராகவே. "எனக்கு அப்ப பதினாலு வயசு. கவலை ஓட்டிட்டு மாட்டப் புடிச்சுகினு வரேன். கை அசந்து போச்சுன்னு கயித்த கையில ரெண்டு சுத்து சுத்திக்கினேன். லாரிக்காரன் ஆரன் அடிச்சான். மாடு மெரண்டு ஓடிச்சு. அவ்ளோதான்." கொஞ்ச நேரம் கிணற்றைப் பார்த்தார். "எங்கப்பா திட்டல. ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. நீ கயித்தப் புடி, கயிறு உன்னப் புடிக்க உடாதே."

எனக்குப் பேச்சு வரவில்லை. அறுபது வருஷமாக எலி மேல் பழியைப் போட்டு, குழந்தைகளைச் சிரிக்க வைத்த மனிதர், இன்றைக்கு என் காலைப் பார்த்துவிட்டு உண்மையைச் சொல்கிறார்.

"படகு வாணாம்னுதான சொல்றீங்க?" என்றேன்.

"யாரு சொன்னா? விரல் போன மறுமாசமே நான் மாட்டப் புடிச்சேன். போ. ஆனா ஒழுங்கா போ."

அடுத்த ஞாயிறு நண்பனுக்கு முன்னால் படகில் நின்றேன். பாய் ஏறியதும் ஆஞ்சான் கயிற்றைச் சுற்றி, கட்டையிலேயே மாட்டினேன். மிச்ச வாலைப் பக்கத்துத் துணிப்பைக்குள் திணித்தேன். தாமானை ஒரே இடத்தில் மடிப்பு மடிப்பாக விட்டு, காலைத் தள்ளி வைத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் அதே மாதிரி காற்று மாறியது. பாய் பாய்ந்தது. கயிறு கிணற்று வாளி மாதிரி வழவழவென்று ஓடி, முடிச்சில் 'டக்'கென்று நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

பயிற்சியாளர் அசந்துவிட்டார். "வெரிகுட்! எங்க கத்துக்கிட்டீங்க?"

"சீயமங்கலம் சார்."

"சீயமங்கலமா? அது எந்த ஹார்பர்?"

ராத்திரி பெரியப்பாவுக்கு போன் போட்டு இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்து, "கயித்தக் காய வச்சு மாட்டுனியா?" என்று கேட்டார்.

மாட்டவில்லை. ஈரத்தோடு அப்படியே பைக்குள் வைத்துவிட்டு வந்திருந்தேன். வரும் ஞாயிறு முதல் வேலை அதுதான்.