பாலைவனத்தில் ஒரு பழைய பென்ஸ்

பழைய கார்கள் எல்லா நாடுகளிலும் சாகின்றன. ஆனால் நாட்டுக்கு நாடு சாவுக்கான நோய் வேறு. யாழ்ப்பாணத்தில் அவற்றைக் கொல்வது துரு. கடற்காற்றும் உப்பும் மாரி மழையும் சேர்ந்து கதவின் அடிப்பாகத்திலிருந்து தின்னத் தொடங்கும். அரபு நாடுகளின் உட்பகுதியில் நிலைமை தலைகீழ். அங்கே இரும்பு ஐம்பது வருடங்கள் கழித்தும் இரும்பாகவே இருக்கும். ஆனால் றப்பர் பொடியாகும். கண்ணாடியைச் சுற்றியுள்ள பீடிங் சுருங்கும். டாஷ்போட் வெடிக்கும். ஆசனத்தின் தோல் அப்பளமாகும். பாலைவனம் எலும்பை விட்டுவிட்டுச் சதையைத் தின்னும் என்று சொல்லலாம்.

ஷார்ஜாவில் விமான நிலையத்துக்கு அண்மையில் 2008 இல் திறக்கப்பட்ட பழைய கார் நூதனசாலை ஒன்று உண்டு. அபுதாபிக்குத் தெற்கே மணல்வெளியில் பிரமிட் வடிவக் கட்டடம் ஒன்றிலும், வானவில் நிறங்களில் பூசப்பட்ட பென்ஸ்கள் உட்படப் பல கார்களை ஒரு ஷேக் சேர்த்து வைத்திருக்கிறார். இரண்டும் பார்க்கத் தக்கவை. ஆனால் அவை நிழலில் உறங்கும் கார்கள். ஓகஸ்ட் மாத நண்பகலில், வெப்பமானி 46 பாகை செல்சியஸைக் காட்டும்போது, சந்தைக்கும் பள்ளிவாசலுக்கும் போய்வரும் பழைய கார் ஒன்றைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன்.

2023 ஓகஸ்டில் மகளுடைய வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். ஷார்ஜாவின் கைத்தொழிற் பகுதியில் கராஜ்கள் தெருத்தெருவாக இருக்கின்றன. அவற்றில் ஒன்றில், எனக்கு நாற்பது வருடங்களாகத் தெரிந்த அண்ணை ஒருவர் மெக்கானிக்காக இருக்கிறார். அமீரகத்தில் ஜூன் நடுப்பகுதியிலிருந்து செப்டெம்பர் நடுப்பகுதிவரை, நண்பகல் பன்னிரண்டரை மணிமுதல் மூன்று மணிவரை வெளிவேலைக்குத் தடை. ஆனால் அது வெயில் நேரடியாகப் படும் வேலைகளுக்குத்தான். தகரக் கூரையின் கீழ் நிற்பவருக்கு அந்தச் சலுகை இல்லை. கராஜிலே இரண்டு பெரிய மின்விசிறிகள் சுடுகாற்றை ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தன.

அண்ணையை அறிய வேண்டுமானால் 1990க்குத் திரும்ப வேண்டும். அவ்வருடம் ஜூனில் போர் மீண்டும் மூண்டதும், வடக்கே பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் நின்றது. ஒஸ்ரின் சோமசெற்களும் கேம்பிறிஜ்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின. சிறு போத்தலில் இருந்து காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலைப் பீய்ச்சி எஞ்சினைக் கிளப்புவார்கள். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் நாற்றமும் இன்னமும் என் மூக்கில் இருக்கின்றன. அப்போது நான் கலைப்பீட மாணவன். அண்ணை கொக்குவிலில் ஒரு கராஜில் கையாள்.

அது வெறும் தந்திரம் அல்ல, அதற்குள் ஒரு பௌதிகம் இருந்தது. மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. அதற்குச் சூடு வேண்டும். எனவே அண்ணை எரிபொருட் குழாயைப் புகைக் குழலோடு ஒட்டிச் சுற்றுவார். ஒரு காலத்தில் உழவு இயந்திரங்கள் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடியதும் இத்தத்துவத்தில்தான். அந்தப் பழைய பிரித்தானிய எஞ்சின்களின் அமுக்க விகிதம் ஏறத்தாழ 7க்கு 1 என்ற அளவில் இருந்ததால், தரங்குறைந்த எரிபொருளையும் முக்கி முனகி அவை எரித்தன. அதே வேலையை அந்நாளைய புதிய ஜப்பானிய கார்களிடம் வாங்குவது கடினம். பழமைதான் அங்கே எங்களைக் காப்பாற்றியது. 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, முதியவர்களையும் நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டு அந்தச் சனத்துக்குள் ஊர்ந்த கார்கள் சிலவும் அவையே.

அதற்கு அடுத்த வருடங்களில் அண்ணை வளைகுடாவுக்குப் போய்விட்டார். போன இடத்தில் அவருக்கு வாய்த்த பிரச்சினை முன்னையதன் நேர் எதிர்.

"தம்பி, அங்கை எண்ணெயைச் சூடாக்கப் பாடுபட்டம். இஞ்சை அது கொதிக்காமல் வைச்சிருக்கப் பாடுபடுறம். அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார்.

அவர் காட்டிய கார், 1978இல் வாங்கப்பட்ட பென்ஸ் 230. டபிள்யூ 123 எனப்படும் தொடரைச் சேர்ந்தது. 1976க்கும் 1986க்கும் இடையில் அத்தொடரில் ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் உருவாகின. மொறோக்கோவிலிருந்து பெய்ரூத்வரை அவை வாடகைக் கார்களாக ஓடின. இந்தக் காரின் உரிமையாளர் ஓய்வுபெற்ற அரபு ஆசிரியர். காரை வாங்கியவர் அவருடைய தந்தை. ஆசிரியரின் மகனோ இளைஞர். பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஷெவர்லே வி-8 எஞ்சின் ஒன்றைப் பூட்ட வேண்டும் என்பது அவருடைய கட்சி. அந்நாட்டில் இது அபூர்வமான ஆசையல்ல. அதற்கென்றே கராஜ்கள் இருக்கின்றன. தந்தை சம்மதிக்கவில்லை. மகனும் விடவில்லை. கோடை வந்தால் கார் வழியில் நின்றுவிடுகிறது; தந்தைக்கோ வயது எழுபதை நெருங்குகிறது; 48 பாகை வெயிலில் பெருந்தெருவோரம் அவர் நிற்பது ஆபத்து என்பது மகனுடைய வாதம். அதில் நியாயம் இருந்தது.

அண்ணை மூன்றாவது வழி ஒன்றைச் சொன்னார். எஞ்சினைத் தொடுவதில்லை, எஞ்சினைச் சுற்றியுள்ளவற்றை மாற்றுவது. மாற்றுகின்ற எதுவும் திரும்பக் கழற்றக்கூடியதாக இருக்கவேண்டும். உடலில் புதிய துளை போடுவதில்லை. கழற்றிய பழைய பாகம் ஒவ்வொன்றும் பெயர் எழுதிப் பெட்டியில் வைக்கப்படும்.

முதலில் தண்ணீர். முன்னைய மெக்கானிக் ஒருவர் தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்திருந்தார். வெப்ப நாடுகளில் இது பரவலான வைத்தியம். எங்கள் ஊரிலும் செய்தார்கள். ஆனால் இந்த பென்ஸில் தேர்மோஸ்ரற் திறக்கும்போது, றேடியேற்றருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும் குறுக்குவழியை அதுவே அடைக்கிறது. அதைக் கழற்றினால் குறுக்குவழி திறந்தே கிடக்கும்; சுடுநீரில் ஒரு பகுதி ஆறாமலே திரும்பிவரும். குளிர்மைக்காகச் செய்தது சூட்டைக் கூட்டுகிறது. அண்ணை புதிய தேர்மோஸ்ரற்றைப் போட்டார். குழாய்நீரின் சுண்ணாம்பு படிந்து பாதி அடைபட்டிருந்த றேடியேற்றரின் உட்கருவை மாற்றி, கூடுதல் வரிசைகள் உள்ளதைப் பொருத்தினார். வடித்த நீரும் கூலன்றும் சரிபாதி. கூலன்றை அளவுக்கு மிஞ்சி ஊற்றுவதும் தவறு. சூட்டைக் காவிச் செல்வதில் தண்ணீரே சிறந்தது. றேடியேற்றர் மூடியைப் பலர் வெறும் மூடி என்றே நினைக்கிறார்கள். உள்ளே ஒவ்வோர் இறாத்தல் அழுத்தம் கூடும்போதும் கொதிநிலை ஏறத்தாழ 1.4 பாகை உயர்கிறது. சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் தாங்கும் நல்ல மூடியின் கீழ் வெறும் தண்ணீரே 120 பாகையில்தான் கொதிக்கும். சுருள்வில் தளர்ந்த மூடி அந்த இருபது பாகையையும் களவாடிவிடும்.

அடுத்தது பெற்றோல். அதன் இலகுவான கூறுகள் 40 பாகையை அண்டியே கொதிக்கத் தொடங்குகின்றன. எஞ்சினில் பூட்டிய பழைய பம்ப் தாங்கியிலிருந்து பெற்றோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைவதால் கொதிப்பு மேலும் இலகுவாகிறது. குழாய் முழுவதும் ஆவி நிறைந்தால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். கார் நின்றதற்குப் பெருமளவு காரணம் இதுவே. தாங்கிக்கு அருகில் சிறிய மின் பம்ப் ஒன்றைப் பொருத்தி, பெற்றோலை இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளச் செய்தார். காபரேற்றருக்கும் எஞ்சினுக்கும் இடையில் சூடு கடத்தாத தடிப்பான தட்டு ஒன்றை வைத்தார். குழாயைப் புகைக் குழலிலிருந்து விலக்கி, வெப்பக் காப்புறை சுற்றினார். 1991இல் குழாயைப் புகைக் குழலோடு சேர்த்துச் சுற்றிய அதே கைகள்!

மூன்றாவது ஏசி. பழைய தொகுதி ஆர்-12 வாயுவுக்கானது. ஓசோன் படலத்தைக் காப்பதற்கான 1987 மொன்றியல் உடன்படிக்கையின் வழியே அது கைவிடப்பட்டது. பின்வந்த ஆர்-134ஏ வாயுவுக்கு அதே குளிர்மையைத் தர மேலும் திறமான கண்டென்சர் வேண்டும். கண்டென்சரோ றேடியேற்றருக்கு முன்னால் நின்று, தன் சூட்டையெல்லாம் அதன் முகத்தில் வீசுகிறது. ஏசி நன்றாகக் குளிர்ந்தால் எஞ்சின் கொதிக்கும் என்ற இக்கட்டு இங்கேதான் வருகிறது. ஆகவே எடை குறைந்த சுழல் கொம்பிரஷர், முன்புறத்தில் ஒரு மின்விசிறி, அதற்கு ஈடுகொடுக்கும் பெரிய மின்பிறப்பாக்கி என்று ஒன்று மற்றொன்றை இழுத்து வந்தது. எஞ்சின் விசிறியைச் சுற்றிய உடைந்த கூட்டையும் மாற்றினார். கூடு இல்லாத விசிறி அரைத்த காற்றையே அரைக்கும்.

ஆறு வாரங்கள் வேலை நடந்ததாம். நான் போயிருந்தபோது எஞ்சியிருந்தது பரீட்சை மட்டுமே. நிபந்தனையை விதித்தவர் மகன்: நண்பகலில், ஏசி முழுவேகத்தில் இயங்க, ஷார்ஜாவிலிருந்து தைத் வழியாக மசாபி மலையேற்றம்வரை போகவேண்டும். நின்றால் வி-8. தந்தை ஒப்புக்கொண்டார். எனக்கும் பின்னாசனத்தில் இடம் கிடைத்தது.

தைத்வரை மணல். வெப்பமானியின் முள் 85இல் நின்றது. ஹஜர் மலைகள் தொடங்கியதும் 95க்கு ஏறியது. யாரும் பேசவில்லை. ஏற்றத்தில் பெரிய வாகனங்களே எங்களைத் தாண்டிப் போயின. மகன் அதைப் பார்த்துச் சிரித்தார். முள் 100ஐ அண்டி வந்து, அங்கே தங்கி, இறக்கத்தில் தணிந்தது. மசாபியில் எஞ்சினை நிறுத்தி, தேநீர் குடித்து, கால்மணி கழித்து மீண்டும் கிளப்பியபோதுதான் உண்மையான சோதனை. ஓட்டம் நின்றபின் தேங்கும் சூட்டில்தான் காபரேற்றரிலுள்ள பெற்றோல் கொதிக்கும். ஒரே திருகலில் எஞ்சின் எழுந்தது. ஆசிரியர் திரும்பி அண்ணையைப் பார்த்தார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. தகப்பனுடைய கார் இப்படித்தான் சத்தமிடும் என்று அரபியில் சொன்னதை அண்ணை எனக்கு மொழிபெயர்த்தார்.

மகன் தன் கருத்தை முழுவதும் மாற்றிக்கொண்டார் என்று எழுதினால் அது பொய். இது இன்னும் மெதுவான கார் என்றார். உண்மைதான். ஆனால் வி-8 பேச்சு நின்றது.

அரபு நாடுகளில் பழைய கார் வைத்திருக்கும் வாசகர்களுக்காக அண்ணை சொன்ன சில சிறுகுறிப்புகள்: ரயரில் பூ எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் பார்க்காதீர்கள், பக்கச் சுவரிலுள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஓடாமலே வயதாகும் பொருள் அது. பற்றறியைக் குளிரைவிடச் சூடே வேகமாகக் கொல்கிறது. பிறேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும்; கரையோர நகரங்களின் புழுக்கத்தில் இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மணற்காற்று வீசிய மறுநாள் காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். காரை வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள்.

அண்ணைக்கு அறுபது வயது நெருங்குகிறது. விசா முடிந்ததும் ஊருக்குத் திரும்பப் போவதாகச் சொன்னார். அந்தக் கராஜில் அவருக்குப் பின் காபரேற்றரைக் காதால் கேட்டுச் சரிசெய்ய எவரும் இல்லை. இளைஞர்கள் மடிக்கணினியை இணைத்தே எஞ்சினோடு பேசுகிறார்கள். அது குறையல்ல, காலம். ஆனால் எண்ணெயைச் சூடாக்கவும் தெரிந்து, கொதிக்காமல் காக்கவும் தெரிந்த ஒருவருடைய அறிவு எந்தப் புத்தகத்திலும் இல்லை. எழுதச் சொன்னேன். "எனக்குக் கை எழுதாது தம்பி, முடுக்கத்தான் தெரியும்" என்றார். ஆகையால் அவர் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்டேன். இரண்டு கொப்பிகள் நிறைந்தன.

அந்த வருடங்களில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்களும் திருத்தியவர்களும் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சிதறியிருக்கிறார்கள். எல்லோருக்கும் வயதாகிறது. போரின் சாவுகளைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறோம், எழுதவும் வேண்டும். அந்த நாட்களில் வாழ்க்கையை ஓட வைத்த கைகளைப் பற்றி எழுதியது மிகக் குறைவு. உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு அண்ணையோ அப்பாவோ மாமாவோ இருந்தால், அவர் பக்கத்தில் ஒரு கொப்பியோடு உட்காருங்கள்.