ஈப்போவுக்கு ஹாக்கி பார்க்கப் போகிறவர்களுக்கு

கேமரன் மலைத் தோட்டங்களில் வாழும் அன்பர்களே! ஆஸ்திரேலியா, பாகிஸ்தான், இந்தியா, கொரியா, ஜப்பான் என்று பத்திரிகையில் பெயர் படிக்கும் ஹாக்கி அணிகளெல்லாம் நம் மலையின் அடிவாரத்துக்கே வந்து ஆடிவிட்டுப் போகின்றன. தானா ராத்தாவில் பஸ் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஈப்போ. அங்கேதான் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணப் போட்டி நடக்கிறது. அப்படியிருந்தும் நம் லயங்களில் பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனையோ பேர் அந்தத் திடலைத் தொலைக்காட்சிப் பெட்டியில்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஏன் என்று விசாரித்திருக்கிறேன். பணம் ஒரு காரணம்தான், ஆனால் முதல் காரணம் அதுவல்ல. "ஆட்டம் முடிய இராத்திரி ஆகிவிடுமே டீச்சர், அப்புறம் எப்படி மலை ஏறுவது? மறுநாள் காலையில் பெரட்டுக்கு நிற்க வேண்டாமா?" என்றுதான் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆகவே இந்தக் கட்டுரையில் போகிற வழியைவிடத் திரும்பி வருகிற வழியைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன். திரும்பும் வழியை முதலில் முடிவு செய்தவர்களுக்குப் பயணம் நன்றாக அமைகிறது. அதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிறவர்கள், மூன்றாவது கால் பகுதி ஆட்டத்திலேயே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

போட்டியைப் பற்றிச் சில வார்த்தைகள். 1983-இல் தொடங்கியது. ஹாக்கியின் மீது பெரும் பற்றுக் கொண்டிருந்த, பிற்காலத்தில் பேரா சுல்தானாகவும் நாட்டின் மாமன்னராகவும் விளங்கிய அஸ்லான் ஷாவின் பெயர் தாங்கியது. 1998-க்குப் பிறகு ஏறக்குறைய ஆண்டுதோறும் நடந்து வருகிறது. கொரோனா வந்த 2020-லும் அடுத்த ஆண்டிலும் நடக்கவில்லை. மலேசியா பலமுறை இறுதி ஆட்டம் வரை வந்து கிண்ணத்தைக் கைநழுவவிட்டது. கடைசியாக 2022 நவம்பரில் கொரியாவை 3-2 என்று வென்று முதன்முறையாகக் கிண்ணத்தைத் தூக்கியது. அன்றிரவு அரங்கத்தில் இருந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

இப்போட்டிக்கு நிலையான மாதம் கிடையாது என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். 2022-இல் நவம்பர், 2024-இல் மே, 2025-இல் மறுபடி நவம்பர். அட்டவணை வந்ததும் அதை வாங்கிப் படித்துவிட்டுத்தான் மண்டோரிடம் லீவு கேட்க வேண்டும். வழக்கமாக ஆறு அணிகள் வரும். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்து அணிகளோடும் ஆடும். இடையிடையே ஓய்வு நாட்கள் உண்டு. ஓய்வு நாளில் போய் இறங்கினால் பூட்டிய கதவைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். மலேசியாவின் ஆட்டம் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று பார்த்து நாளைக் குறியுங்கள். என்னைக் கேட்டால் இறுதி நாளைவிட முதல் சுற்றில் ஒரு நாள் போவதே சிறந்தது என்பேன். கூட்டம் குறைவு, நல்ல இடம் கிடைக்கும், பிள்ளைகள் ஆட்டக்காரர்களை அருகில் பார்க்கலாம். அத்துடன் ஒரே நாளில் இரண்டு மூன்று ஆட்டங்கள் நடப்பதால், முதல் இரண்டைப் பார்த்துவிட்டு வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிவிடவும் வழியுண்டு.

இனி வழி. ரிங்லெட், ஹாபு பக்கம் இருப்பவர்களுக்குப் பழைய தாப்பா சாலைதான் கிட்டம். தானா ராத்தாவிலிருந்து தாப்பா ஏறக்குறைய 60 கிலோமீட்டர். அந்த வளைவுகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கிருந்து நெடுஞ்சாலை பிடித்து வடக்கே போனால் ஈப்போ. பிரிஞ்சாங், சுங்கை பாலாஸ், கம்போங் ராஜா, புளூ வேலிக்காரர்களுக்குச் சிம்பாங் பூலாய் சாலை வசதி. அகலமான சாலை, வளைவும் மென்மையானது. வயிற்றைக் குமட்டும் பிள்ளைகளுக்கு இதுவே மேல். எந்த வழியானாலும் அப்படிப்பட்ட பிள்ளையை முன்பக்கம் உட்கார வையுங்கள். வெறும் வயிற்றோடு ஏற்றாதீர்கள், வயிறு முட்டவும் கொடுக்காதீர்கள். இரண்டு இட்லி போதும். நம் பாட்டிமார் முந்தானையில் முடிந்து வைத்த எலுமிச்சம்பழத்துக்கு ஈடான மருந்தை எந்த மருந்துக் கடையிலும் நான் இதுவரை கண்டதில்லை.

பொது பஸ்ஸில் போகிறவர்கள் கவனிக்க: வெளியூர் பஸ்கள் வந்து நிற்கும் அமான் ஜெயா நிலையம் ஈப்போ நகரத்தின் நடுவில் இல்லை. வடக்கே மேரு ராயாவில் இருக்கிறது. விளையாட்டரங்கம் அங்கிருந்து நடக்கும் தூரமல்ல. டாக்சியோ, கைப்பேசியில் அழைக்கும் கிராப் காரோ எடுக்க வேண்டும். அதற்குத் தனியாக அரை மணி நேரமும் கொஞ்சம் வெள்ளியும் ஒதுக்குங்கள். நான்கு பேர் சேர்ந்து போனால் பங்கு போட்டுக்கொள்ளலாம். ஓட்டுநரிடம் ஸ்டேடியம் என்று மட்டும் சொன்னால் போதாது. பேரா காற்பந்து அரங்கமும் இந்திரா முலியா உள்ளரங்கமும் அதே வட்டாரத்தில்தான் இருக்கின்றன. ஹாக்கி ஸ்டேடியம், அஸ்லான் ஷா என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

உடை விஷயத்தில் மலைக்காரர்களுக்கு ஒரு தனிச் சங்கடம். காலையில் சுவெட்டரோடு கிளம்புவோம். ஈப்போவில் இறங்கியதும் அது பாரமாகிவிடும். பகல் வெயில் கொளுத்தும். சரி, வீட்டிலேயே விட்டுவிடலாம் என்று நினைத்தால் இரவு ஏறும்போது பிள்ளை நடுங்கும். ஆகவே சுவெட்டரைப் பையின் அடியில் வைத்துக்கொண்டு மெல்லிய பருத்திச் சட்டையோடு போவதே உசிதம். மழைக்குக் குடை வேண்டாம். குடையை விரித்தால் பின்னால் இருப்பவர் ஆட்டத்தைப் பார்க்க முடியாது, சண்டையும் வரும். கொழுந்துக்காட்டுக்குப் போட்டுப் போகும் மழைச்சட்டை நம் வீடுகளில் இல்லாமலா இருக்கிறது?

மழையை நான் சாதாரணமாகச் சொல்லவில்லை. 2010-ஆம் ஆண்டு இறுதி ஆட்டத்தில் இந்தியாவும் கொரியாவும் மோத வேண்டியிருந்தது. கொட்டிய மழையில் திடல் நீரில் மூழ்கி ஆட்டமே நடக்காமல், இரு அணிகளும் கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. வேடிக்கை என்னவென்றால், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்பு குழாய்களைத் திறந்து அதே திடலுக்குத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். பந்து சீராக ஓடவும், விழும் ஆட்டக்காரருக்குத் தோல் உரியாமல் இருக்கவும் செயற்கைப் புல் ஈரமாக இருக்க வேண்டும்.

அந்தத் திடலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் தோட்டப் பள்ளியில் சமதளம் என்பதே அபூர்வம். பையன்கள் கொய்யாக் கிளையை வெட்டி மட்டையாக்கி ஆடுவார்கள். ஓங்கி அடித்தால் பந்து தேயிலைச் செடிக்குள் உருண்டு போய்விடும், தேடி எடுக்கக் கால் மணி நேரம். அப்படி ஆடிப் பழகிய ஒருவனை அவன் பெற்றோருடன் ஈப்போவுக்கு அழைத்துப் போயிருந்தோம். படியேறி மேலே வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். "டீச்சர், தரை ஏன் நீலமா இருக்கு?" என்றான். வெள்ளைப் பந்தும் மஞ்சள் பந்தும் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதற்காக என்று விளக்கினேன். 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து இந்த நீலத் திடல் உலகமெங்கும் பரவியது. அவன் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பந்து எங்கேயும் உருண்டு ஓடிப்போகாத ஒரு தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

விதிகள் தெரியாத தாய்மார்களுக்காக இரண்டு வரி. தலா பதினைந்து நிமிடம் கொண்ட நான்கு பகுதிகள். கோலுக்கு முன்னால் வளைவாக ஒரு கோடு தெரியும். அந்த வட்டத்துக்குள்ளிருந்து அடித்தால்தான் கோல். வட்டத்துக்குள் எதிரணி தவறு செய்தால் பெனால்டி கார்னர். அப்போது மட்டும் பேச்சை நிறுத்திவிட்டுக் கவனியுங்கள், இரண்டு மூன்று விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். வெற்றி தோல்வி காண வேண்டிய ஆட்டம் சமனில் முடிந்தால் ஒருவரை ஒருவர் எதிர்க்கும் ஷூட்-அவுட். ஆட்டக்காரருக்கு எட்டே விநாடி, எதிரே கோல்காவலர் மட்டும். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில் இந்தியாவை மலேசியா இப்படித்தான் வீழ்த்தியது. கோல்கம்பத்தில் நின்றவர் குமார் சுப்பிரமணியம். 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கிண்ணம் நடந்தபோது நான்காவதாக வந்த மலேசிய அணியில் மகேந்திரனும் ஸ்ரீ சண்முகநாதனும் இருந்தார்கள். இந்தப் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு அழைத்துப் போங்கள். நாட்டின் சட்டையின் முதுகில் தன் வீட்டுப் பெயரைப் போல ஒரு பெயர் இருப்பதைப் பார்க்கும் பிள்ளையின் முகத்தை நான் கண்டிருக்கிறேன்.

யாருக்குக் கைதட்டுவது என்ற தகராறும் நம்மிடையே உண்டு. அந்த 1975 அரையிறுதியில் மலேசியா கூடுதல் நேரம் வரை போராடி இந்தியாவிடம் 2-3 என்று தோற்றது. 2009-இல் அஸ்லான் ஷா இறுதி ஆட்டத்திலும் இந்தியாவே வென்றது. தாத்தா ஒரு பக்கம், பேரன் ஒரு பக்கம் என்று ஒரே வரிசையில் உட்கார்ந்து சண்டை போட்ட குடும்பங்கள் உண்டு. மலேசியா ஆடும்போது மலேசியாவுக்குத்தான் என் குரல். அதில் எனக்குச் சந்தேகமே வந்ததில்லை. மற்ற ஆட்டங்களில் தாத்தாக்கள் எப்படி வேண்டுமானாலும் கத்திக்கொள்ளட்டும்.

வெளியில் நேரம் கிடைத்தால், காலையில் குனோங் சேரோ கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயத்துக்குப் போய் வாருங்கள். சுண்ணாம்புக் குன்றின் அடியில் முருகன் வீற்றிருக்கிறான். மதியச் சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியாவில் வாழையிலை. அரங்கத்தில் கொறிக்கப் புந்தோங் கச்சாங் பூத்தே. கடலையும் முறுக்கும் மிக்சருமாக நம் தமிழ்க் குடும்பங்கள் செய்து நாடெங்கும் பெயர் வாங்கியது அந்த ஊர்தான். அரங்கத்துக்குள் விலை கொடுத்து வாங்குவதைவிட இது மலிவு, ருசியும் அதிகம்.

இப்போது இரவு. கடைசி ஆட்டம் பெரும்பாலும் இரவில்தான். அது முடியும்போது மலைக்குப் பஸ் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேன் அமர்த்திப் போவதானால் ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசுங்கள். பகலெல்லாம் ஓட்டியவரை இரவிலும் ஓட்டச் சொல்வது தகாது. நாம் ஆட்டம் பார்க்கும் நேரத்தில் அவர் படுத்துத் தூங்க வேண்டும், அதற்கும் சேர்த்துத்தான் கூலி. சிம்பாங் பூலாய் சாலையில் இரவில் விளக்கு குறைவு, வீடுகளும் குறைவு, சில இடங்களில் கைப்பேசிக்கு அலை கிடைக்காது. மேலே போகப் போகப் பனிமூட்டம். எதிரே நம் மலையின் காய்கறியை ஏற்றிக்கொண்டு லோரிகள் இறங்கும். எண்ணெயை அடிவாரத்திலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் எந்தக் காரணத்துக்காகவும் ஏறாதீர்கள். மண்சரிவு எப்படி வரும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நவம்பர் மாதம் மழைக்காலம் என்பதால் இதை இரட்டிப்பாகச் சொல்கிறேன். ஒரு நாள் சம்பளம் போனால் அடுத்த மாதம் ஈடுகட்டிக்கொள்ளலாம்.

ஆகவே நல்ல வழி, ஈப்போவில் இரவு தங்குவது. தோட்டத்தை விட்டுப் போன நம் சொந்தக்காரர்கள் புந்தோங்கிலும் அக்கம்பக்கத்திலும் இல்லாமலில்லை. அத்தை வீடோ சித்தப்பா வீடோ இருந்தால் இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இரவு பதினொரு மணிக்கு ஆறு பேராகப் போய்க் கதவைத் தட்டாதீர்கள். போகும்போது ஒரு பொட்டலம் தேயிலையும் நம் மலைக் காய்கறியும் கொண்டு போனால் அவர்களுக்கும் மகிழ்ச்சி. சொந்தம் இல்லாதவர்கள் நான்கைந்து குடும்பமாகச் சேர்ந்து நகரத்தில் மலிவான விடுதி அறைகளைப் பதிவு செய்யலாம். போட்டி நாட்களில் அறைகள் சீக்கிரம் நிரம்பும்.

மறுநாள் மலை ஏறும் பஸ்ஸுக்கான டிக்கெட்டையும் போகும்போதே எடுத்துவிடுங்கள். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் சுற்றுலாப் பயணிகள் அந்த இருக்கைகளைப் பிடித்துவிடுவார்கள். கூடுமானவரை காலையில் முதல் பஸ். நேரம் கழித்து ஏறினால் கியா பார்ம் அருகே வாகனங்கள் எறும்பு வரிசையாக நிற்கும், அங்கேயே ஒரு மணி நேரம் போய்விடும். பிள்ளைகளுக்குக் குடிக்கத் தண்ணீரும் மிச்சமிருக்கும் கச்சாங் பூத்தேயும் கைப்பையில் மேலாக இருக்கட்டும்.