போர்ட் வெல்டின் பெயர்ப்பலகை

தைப்பிங் நகருக்கு மேற்கே, கடலை அடுத்த ஆற்றங்கரையில், கோலா செபெதாங் என்னும் சிற்றூர் உளது. முன்னாளில் அதன் பெயர் போர்ட் வெல்ட். மலாய் நாட்டின் முதல் இருப்புப்பாதை 1885 ஜூன் முதல் நாளன்று தைப்பிங்கினின்று அவ்வூர் வரையிலேயே திறக்கப்பெற்றது. நீளம் ஏறத்தாழ 8 மைல். ஈயத்தைக் கடற்கரை சேர்ப்பது அதன் நோக்கம். இலங்கையினின்று தருவிக்கப்பட்ட பயனியர் படையினர் அப்பாதையை அமைத்தனர். அவருள் தமிழர் பலர்.

சென்ற ஞாயிறன்று நான் அங்குச் சென்றது ஊர் பார்க்கும் எண்ணத்தால் அன்று. ஆங்கில வழியில் பயின்று, பிறந்த நாட்டை நீங்கி, இங்கோர் செம்பனைத் தோட்டத்தில் கிராணியாய் இருப்பவன் நான். எங்கள் தோட்டத்தில் குலை வெட்டும் வங்காளதேசத்து நண்பர் ஒருவர், தாயாருக்குப் பணம் அனுப்பத் தைப்பிங் வரை துணை வருமாறு வேண்டினார். பெர்மிட் சட்டைப் பையில் இருந்தும் தனியே செல்ல அவருக்கு அச்சம். முன்னொரு முறை சோதனையில் அகப்பட்டு இரண்டு மணி நேரம் தெருவோரம் குந்தியிருந்தாராம்.

‘அவர்’ என்று நான் எழுதுவது நம்மவர் சிலருக்கு வியப்பளிக்கலாம். தோட்டத்தில் அவரையொத்தோர் யாவரும் ‘அவன்’. காலைப் பெரட்டில் ‘டேய்’. செக்ரோலில் வெறும் இலக்கம். இந்நாட்டுத் தமிழரின் பாட்டன்மாரைத் துரைமாரும் கங்காணிமாரும் அழைத்த முறையும் இதுவேயன்றோ? அச்சொல்லால் நொந்த வீட்டிலேயே அச்சொல் இன்னும் பிழைத்திருப்பது எங்ஙனம் என்பது எனக்கு விளங்கவில்லை.

பணம் அனுப்பி முடிந்தது. பொழுது மிஞ்சியிருந்தது. ஆறு மாதமாய்ச் செம்பனையன்றி வேறொன்றும் கண்டிலேன், கடற்பக்கம் போகலாமா என்றார். பஸ் ஏறினோம்.

ஊரில் மீன்பிடிப்போர் படகுகள். பாக்காவ் மரத்தைக் கரியாக்கும் சூளைகள். எங்கும் மீனும் புகையும் கலந்த வாடை. தண்டவாளம் இல்லை, நிலையமும் இல்லை. சீட்டுக் கொடுத்த சிற்றறையும் பெயர்ப்பலகையுமே எஞ்சியுள்ளன. பலகையில் ஊர்ப்பெயர் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என நான்கு எழுத்துகளில் உளது. ரெயில் போய்விட்டது, ஊரின் பெயரும் மாறிவிட்டது, நம் எழுத்து மட்டும் வெயிலில் நின்றுகொண்டிருக்கிறது. உண்மையாகவே என் நெஞ்சு நிமிர்ந்தது.

நண்பர் நெடுநேரம் பலகையை நோக்கினார். பின் மலாய் மொழியில், “அண்ணே, இதில் உங்கள் எழுத்து எது?” என்றார். (‘அண்ணே’ ஒன்றே அவர் அறிந்த தமிழ்.) காட்டினேன்.

“உங்களவர் இங்கு என்ன வேலை செய்தார்கள்?”

“இந்தப் பாதையைப் போட்டார்கள்.”

“கூலிக்காரர்களா?”

“ஆம்.”

“கூலிக்காரர் எழுத்தையா பலகையில் எழுதினார்கள்?” என்று மீண்டும் ஒருமுறை கேட்டார். பிறகு தமிழ் வரியின் அருகே நின்று, தாயாருக்கு அனுப்பப் படம் எடுக்கச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸிற்குக் காத்திருக்கையில் மழை பிடித்துக்கொண்டது. காப்பிக் கடையில் ஒதுங்கினோம். பணம் அனுப்பிய ரசீதின் பின்புறத்தை நீட்டி, தம் பெயரைத் தமிழில் எழுதித் தருமாறு கேட்டார். அப்பெயரின் முதல் ஒலிக்குத் தமிழில் தனியெழுத்து இல்லை. ஆய்த எழுத்தைச் சேர்த்து ஒருவாறு எழுதினேன். அதன் கீழே அவர் என் பெயரை வங்காள எழுத்தில் எழுதினார். தாளை நான்காய் மடித்துப் பெர்மிட்டோடு வைத்துக்கொண்டார்.