ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஒரு விஞ்ஞானக் கதை

திருச்சி ஜங்ஷனில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினால் ஸ்ரீரங்கம். ஜன்னல் சீட் கிடைத்தால் அரங்கன் அருள். கிடைக்காவிட்டால் பக்கத்து ஆசாமியின் முழங்கை. 'உள்ள போங்க சார், நடுவுல கிரிக்கெட்டே ஆடலாம்!' என்று கண்டக்டர் காட்டிய இடத்தில் ஒரே ஒரு கால் வைக்க இடம் இருந்தது. அதுவும் ஏற்கெனவே இன்னொருவர் கால்.

வீட்டில் 'பெருமாள் சேவை' என்றுதான் கணக்கு எழுதிவிட்டு வந்திருந்தேன். உண்மையில் நான் பார்க்கப் போனது ஒரு தெருவை.

சத்திரம் பஸ் ஸ்டாண்டை ஒட்டினாற்போல் செயின்ட் ஜோசப் கல்லூரி. 1844-ல் நாகப்பட்டினத்தில் பிறந்து 1883-ல் திருச்சிக்குக் குடிவந்த காலேஜ். 1950-களின் ஆரம்பத்தில் இங்கே பிஸிக்ஸ் படித்துவிட்டுப் போனவர்களில் இரண்டு பேர்: ராமேஸ்வரத்து அப்துல் கலாம், ஸ்ரீரங்கத்து ரங்கராஜன். இருவருமே அப்புறம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஒருவர் ராக்கெட் விட்டார். இன்னொருவர் மனைவி பெயரில் கதை விட்டார். சுஜாதா!

காவிரிப் பாலம் தாண்டியதும் ராஜகோபுரம். 13 நிலை, 236 அடி. ரங்கராஜன் டிராயர் போட்டுக்கொண்டு திரிந்த நாளில் இது மொட்டைக் கோபுரம். நூற்றாண்டுகளாகப் பாதியில் நின்ற வேலை 1987-ல்தான் முடிந்தது. நம் ஊர் பிராஜெக்ட் எதுவும் லேட்டாகிறது என்று அலுத்துக்கொள்கிறவர்கள் ஒருமுறை இங்கே வந்து அண்ணாந்து பார்க்கலாம்.

பாட்டி வீட்டில் அவர் வளர்ந்தது கீழச்சித்திரை வீதி. தேர் ஓடுகிற அகலத்துக்குத் தெரு. மிச்சமிருக்கும் சில திண்ணைகள், நடுநடுவே அபார்ட்மென்ட், தள்ளுவண்டியில் கொய்யாப்பழத்துக்கு நடுவே க்யூ.ஆர். கோடு. இந்தத் தெருவிலிருந்துதான் 'என் இனிய இயந்திரா' மாதிரி ஒரு கதைக்கான மூளை கிளம்பியது என்று யாரும் போர்டு வைத்திருக்கவில்லை. வைத்திருந்தாலும் கீழே டியூஷன் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள்.

விகடனில் 1980-களில் தொடராக வந்து, பிறகு தூர்தர்ஷனிலும் வந்த கதை. கேட்டுப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் ஞாபகம் வைத்திருப்பது ஜீனோவைத்தான். படிக்கிற, வாயாடுகிற இயந்திர நாய். நாய் என்ன பிரமாதம், கேரளாவில் திருச்சூர் பக்கம் ஒரு கோயிலில் 2023-லேயே இயந்திர யானை வந்துவிட்டது. காதை ஆட்டும், மதம் பிடிக்காது, வாழைப்பழம் கேட்காது. ஸ்ரீரங்கத்து யானை ஆண்டாளிடம் இதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

விஞ்ஞானக் கதைக்காரர்களை நாம் கிளி ஜோசியர்கள் மாதிரிதான் நடத்துகிறோம். சொன்னது பலித்ததா, இல்லையா? பின்னாளில் கொழும்பில் குடியேறிய ஆர்தர் கிளார்க், 1945-லேயே விண்ணில் செயற்கைக்கோள் நிறுத்தி உலகத்துக்கே செய்தி அனுப்பலாம் என்று எழுதினார், பலித்தது, சபாஷ். மதிப்பெண் போட்டாச்சு, அடுத்த ஆள். எனக்கு இது சரியாகப் படவில்லை. 'என் இனிய இயந்திரா'வின் முள் நாயில் இல்லை, ஜீவாவில் இருக்கிறது. கதை நடப்பது 2020-களில். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். பிள்ளை பெற அரசாங்க அனுமதி. நாட்டை ஆள்பவர் ஜீவா, கேள்வியே கிடையாது. கடைசியில் பார்த்தால் ஜீவா ஆளே இல்லை, வெறும் ஹோலோகிராம்! ஒரு பிம்பத்தை வணங்கிக்கொண்டு நாடு முழுக்கச் சமர்த்தாக வாழ்ந்திருக்கிறது.

இதை எழுதியவர் பகலில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் தமாஷ். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் ஓட்டு மெஷின் செய்த குழுவில் இருந்தார். இதைச் சொன்னதும் ஆட்டோக்காரர் நிமிர்ந்தார்.

'ஓட்டு மிஷினு நம்ம பெல்லுலயா சார் செஞ்சாங்க?'

'இது திருவெறும்பூர் பெல் இல்லண்ணே. அங்க பாய்லர். இது பெங்களூர் பெல்.'

'அப்படியா...' என்றவர் முகத்தில் அரை பெருமை குறைந்தது.

அந்த மெஷின் பட்ட பாடே ஒரு தொடர்கதை. முதன்முதலில் 1982-ல் கேரளத்துப் பரவூர் சட்டமன்றத் தேர்தலில் 50 சாவடிகளில் வைத்துப் பார்த்தார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட, அந்த 50-லும் திரும்பச் சீட்டில் ஓட்டு, ஜெயித்தவரே மாறிவிட்டார்! அப்புறம் சட்டத்தைத் திருத்தி, 2001-ல் தமிழ்நாடு பூராவும், 2004-ல் நாடு பூராவும் பொத்தான். அன்றிலிருந்து தோற்ற கட்சி மெஷினைச் சந்தேகப்படுவதும், ஜெயித்த கட்சி மெஷினை மெச்சுவதும் நடைமுறை. அடுத்த தேர்தலில் வசனத்தை மாற்றிக்கொள்வார்கள்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்ததெல்லாம் டெபிட், கிரெடிட், நடுவில் வவுச்சர். வவுச்சர் இல்லாத என்ட்ரியை எந்த ஆடிட்டரும் ஒப்ப மாட்டார். ஓட்டு மெஷினுக்கும் கடைசியில் அதைத்தான் செய்தார்கள்: பக்கத்தில் ஒரு பெட்டி, கண்ணாடி வழியே ஏழு விநாடி தெரியும் சீட்டு. மறுபடி பழைய வாக்குச்சீட்டே வேண்டும் என்ற கோரிக்கையை 2024 ஏப்ரல் 26-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளியும் விட்டது. ஆக, சந்தேகம் கிளம்பினால் எடுத்து எண்ணிப் பார்க்க ஒரு காகிதமாவது இருக்கிறது.

வவுச்சரே இல்லாத சமாசாரம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2018-ல் மறைந்த கருணாநிதி, 2024 ஜனவரியில் ஏ.ஐ. தயவில் திரையில் தோன்றி விழாவில் பேசினார். 1957-ல் இதே காவிரிக்கரைக் குளித்தலையில் முதல்முதலாக ஜெயித்த மனிதர். அடுத்த மாசமே, பிப்ரவரி 24 அன்று, ஜெயலலிதாவின் குரல். அவர் மறைந்தது 2016-ல். இந்த ஸ்ரீரங்கத்து ஜனங்கள் 2011-ல் சட்டசபைக்கு அனுப்பிய அதே ஜெயலலிதா! எதில் அனுப்பினார்கள்? கீழச்சித்திரை வீதிப் பையனும் கைவைத்துச் செய்த பெட்டியில். இரண்டு கழகமும் ஏ.ஐ. என்று ஒளிக்காமல்தான் செய்தன. அதுதான் எனக்கு இன்னும் உதைக்கிறது. ஜீவா விஷயம் தெரிந்ததும் ஜனங்கள் கொதிப்பார்கள் என்றுதானே கதை படிக்கிற நாம் நினைத்தோம்? இங்கே தெரிந்தே கைதட்டினோம்.

தெற்கு வாசல் பக்கம் பூ விற்கிற அம்மாவிடம் ஒரு முழம் கதம்பம் வாங்கும்போது பேச்சு கொடுத்தேன். 2011-ல் ஓட்டுக் கேட்டு வந்தபோது வேன் பக்கத்திலேயே நின்று பார்த்தாராம்.

'அந்தக் குரல் வந்துச்சே, கேட்டீங்களாம்மா?'

'கேட்டேன் தம்பி. பேரன் போட்டுக் காட்டுனான். அப்படியே அவங்களேதான்.'

'கம்ப்யூட்டர் பேசினதும்மா அது.'

'தெரியுமே. அவனே சொன்னான்.' முழம் அளந்து, நாரை நறுக்கினார். 'அவங்களா இருந்தா நடுவுல நம்மளப் பார்த்து ஒரு கேள்வி கேட்பாங்க. செய்வீர்களான்னு. நாம பதில் சொல்ற வரைக்கும் நிப்பாங்க. இது நிக்கல.'

'அப்ப அழிச்சிட்டீங்களா?'

'எதுக்குப்பா அழிக்கணும்? குரல் நல்லாத்தானே இருக்கு. இருபது ரூபா குடு.'