அப்பாவின் வானொலியும் யாழின் குற்றங்களும்

என் தந்தையாரின் பழைய டிரான்சிஸ்டர் வானொலி ஸ்ரீரங்கத்து வீட்டின் பரணில் நெடுங்காலம் கிடந்தது. 1939இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையம்தான் அவருடைய கடிகாரம். காலைச் செய்தி முடிந்தால் குளியல். இரவுக் கச்சேரி முடிந்தால் உறக்கம். அவர் மறைந்து, பெட்டியும் பேச்சற்றுப் போன பிறகும் அதை எறிய எனக்கு மனம் வரவில்லை.

சென்ற சித்திரையில், பொறியியல் படிக்கும் என் மகன் அதை எடுத்து வந்து, "அப்பா, இதைப் பிரிக்கட்டுமா? உள்ளே ஏசி128 இரண்டு இருக்கும்" என்றான். தன் கிதாருக்கு 'ஃபஸ்' பெட்டி செய்ய வேண்டுமாம். ஒலியைக் கரகரப்பாக்கும் பெட்டி. தாத்தாவின் வானொலியைச் சிதைத்துக் கரகரப்பை உண்டாக்குவதா என்று சினந்து மறுத்துவிட்டேன். அவன் வாதாடவில்லை. பெட்டியைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டான். அந்த மௌனம் என்னை உறுத்திற்று.

மறுநாள் வகுப்பில் சிலப்பதிகாரம், வேனிற்காதை. யாழோசைக்குரிய குற்றங்கள் நான்கினை விளக்க வேண்டியிருந்தது. பண்ணோடு பொருந்தாமல் ஒலிப்பது செம்பகை. அளவு கடந்து ஒலிப்பது ஆர்ப்பு. மழுங்கி ஒலிப்பது கூடம். சிதறி ஒலிப்பது அதிர்வு. ஆண்டுதோறும் சொல்வதுதான். ஆனால் அன்று, என் மகன் ஈயம் வைத்துச் செய்ய நினைப்பது ஆர்ப்பையும் அதிர்வையும் அல்லவா என்று தோன்றிப் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டேன்.

மாலையில் அவனையே கேட்டேன். ஆர்வத்தோடு சொன்னான். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் மார்ட்டி ராபின்ஸின் பாடலொன்றைப் பதிவு செய்தபோது ஒலிப்பதிவுக் கருவியின் ஒரு தடம் பழுதுற்று, கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிதார் கிழிந்த குரலில் ஒலித்ததாம். அதை நீக்காமல் வெளியிட்டார்கள். அந்தப் பழுதையே வேண்டிச் செய்யும் மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் பெட்டி 1962இல் வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அதைக் கையாண்ட பின் உலகெங்கும் பரவிற்று.

அவன் செய்ய விரும்பியது 1966இல் வந்த ஃபஸ் ஃபேஸ் என்பதன் மின்சுற்று. இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு மின்தடை, மூன்று மின்தேக்கி, இரண்டு திருகு, ஒரு 9 வோல்ட் பேட்டரி; அவ்வளவே. தாங்கும் அளவுக்கு மேல் ஒலியலையைப் பெருக்கும்போது அதன் உச்சிகள் வெட்டுப்படுகின்றன. அவ்வாறு வெட்டுப்படுவதால், மூலத்தில் இல்லாத மேற்சுரங்கள் பிறக்கின்றன.

கேட்டுக்கொண்டிருந்தபோது தம்புரா நினைவுக்கு வந்தது. தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலைச் செருகி, ரீங்காரம் எழும்வரை நகர்த்துவார்கள். நூலை எடுத்துவிட்டால் ஒலி தெளிவாகும்; ஆனால் வெறிச்சென்றாகிவிடும். அந்த நூலுக்கு ஜீவா என்று பெயர். அளவறிந்த அதிர்வை உயிரென்று அழைத்தவர்களும் நாம்தாம். அதை மகனிடம் சொல்லாமல், பரணில் ஏறி வானொலியை நானே இறக்கிக் கொடுத்தேன்.

அலுமினிய டிபன் பெட்டியொன்றில் துளையிட்டு இருவருமாகச் செய்து முடித்தோம். என் பங்கு, டார்ச் விளக்கைப் பிடித்தது. முதலில் நண்பகலில் வாசித்துப் பார்த்தான். விக்கி விக்கி அடங்கிற்று. ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் வெப்பம் ஏற ஏறக் கசிவு மின்னோட்டம் கூடும் என்றான். திருச்சி வெயிலில் அது வேறெப்படிப் பேசும்?

இரவு பத்து மணிக்கு மேல், காவிரிப் பக்கமிருந்து காற்று வந்தபின் மீண்டும் மீட்டினான். ஒற்றைச் சுரம் கனத்து, கரகரத்து, நெடுநேரம் அறையில் நின்றது.

"தாத்தாவுக்குப் பிடித்திருக்குமா?" என்றான்.

"முதலில் திட்டியிருப்பார்" என்றேன்.

ஆயினும், இரவுகளில் தொலைதூர நிலையங்களைத் தேடி, திருகைத் திருப்பியபடி, குரல் பிடிபடும்வரை அந்த இரைச்சலைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். வானொலியின் வெற்றுக் கூட்டை இப்போது பரணில் வைப்பதில்லை. அவன் மேசைமேல், டிபன் பெட்டியின் பக்கத்தில் இருக்கிறது.