நான் மங்கம்மாள் இல்லை



இந்தத் தடவை சுவர் இதழுக்கு "எனக்குப் பிடித்த எழுத்தாளர்" என்று எழுதித் தரும்படி தமிழம்மா சொன்னார்கள். பிறந்த ஊர், பெற்றோர் பெயர், வாங்கிய விருதுகள் என்று எழுதினால் அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். எழுதி முடித்து வாசித்துப் பார்த்தால் பரீட்சைப் பேப்பர் மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன். எனக்குப் பிடித்தவர்கள் இரண்டு பேர். அவர்களால் எனக்கு நடந்ததையே எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நம்ம ஊரிலிருந்து கழுகுமலை வழியாகக் கோவில்பட்டிக்குப் போகிற பஸ்ஸில் எல்லோரும் ஏறியிருப்பீர்கள். கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலி ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் இடைசெவல் என்று ஒரு ஊர் வரும். சின்ன ஊர். கண்ணைச் சிமிட்டினால் தாண்டிப் போய்விடும். அந்த ஒரு ஊரிலிருந்து இரண்டு பேர் சாகித்திய அகாதெமி விருது வாங்கியிருக்கிறார்கள். ஒருவர் கு.அழகிரிசாமி, இன்னொருவர் கி.ராஜநாராயணன். இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சின்ன வயசிலிருந்தே கூட்டாளிகள். அழகிரிசாமிக்கு அந்த விருது 1970-ல் "அன்பளிப்பு" என்ற சிறுகதைத் தொகுப்புக்குக் கிடைத்தது. ஆனால் அதை வாங்க அவர் இல்லை. அந்த வருஷம் ஜூலை மாதமே இறந்துபோனார். வயது 46. கி.ரா.வுக்கு 1991-ல் "கோபல்லபுரத்து மக்கள்" நாவலுக்குக் கிடைத்தது. அவர் 2021 மே மாதம் வரை இருந்தார். புதுச்சேரியில் காலமானவரை இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்தினார்கள். அப்போது கொரோனா ஊரடங்கு. எங்கள் வீட்டு டிவியில் காட்டினார்கள். "யாருப்பா இது?" என்று அப்பாவிடம் கேட்டேன். "கதை எழுதுறவரு போல" என்றார் அப்பா. அவ்வளவுதான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் எட்டாம் வகுப்புப் படித்தபோது குழந்தைகள் தினத்துக்குக் கலர் டிரஸ் போட்டு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். தீபாவளிக்கு எடுத்த சுடிதாரைப் போட்டுக்கொண்டு வந்தேன். மயில் கழுத்துக் கலர், கழுத்தில் கண்ணாடி வேலை. எங்கள் அப்பா விசைத்தறியில் வேலை பார்க்கிறார். போனஸ் வந்த அன்று ராத்திரி கடைவீதிக்குக் கூட்டிப்போய் எடுத்துக் கொடுத்தது. எனவே எனக்குத் தலைகால் புரியவில்லை. கிளாஸில் ஒவ்வொருத்தியாகப் போய், "ஒங்க டிரஸ் எவ்வளவுட்டி?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

கடைசி பெஞ்சில் ஒருத்தி மட்டும் யூனிபார்மில் வந்திருந்தாள்.

எனக்குக் காரணம் தெரியும். அவள் வீட்டு நிலைமை எங்கள் எல்லோருக்குமே தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டேன். மெதுவாகக்கூட இல்லை, கிளாஸுக்கே கேட்கிற மாதிரி. "ஏட்டி, இன்னைக்கு யூனிபார்ம் இல்லன்னு ஒனக்குத் தெரியாதா? மறந்துட்டியா?" நாலு பேர் சிரித்தார்கள். அவள், "ஆமா, மறந்துட்டேன்" என்றாள். நானும் சிரித்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது எனக்கு இது ஞாபகத்திலேயே இல்லை. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே இல்லை.

அரையாண்டு லீவில் எங்கள் அத்தை நம்ம ஊர் நூலகத்தில் எனக்கு ஒரு கார்டு போட்டுக் கொடுத்தார்கள். முதலில் மாயாஜாலக் கதையாகத்தான் எடுத்தேன். ஒரு நாள் வேறு எதுவும் கிடைக்காமல் அட்டை கிழிந்த ஒரு சிறுகதைப் புத்தகத்தை எடுத்துவந்தேன். அழகிரிசாமியின் கதைகள். அதில் "ராஜா வந்திருக்கிறார்" என்று ஒரு கதை. ராஜா ராணிக் கதை என்று நினைத்துத்தான் படிக்க ஆரம்பித்தேன்!

படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். செல்லையா, தம்பையா, மங்கம்மாள் என்று ஏழை வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேர். ராமசாமி என்று பணக்காரப் பையன் ஒருவன். எங்களிடம் அது இருக்கிறது, உங்களிடம் இருக்கிறதா என்று பெருமையடித்துப் போட்டி போடுவதில்தான் கதையே ஆரம்பிக்கிறது. தீபாவளிக்கு முந்தின ராத்திரி உடுத்த நல்ல துணிகூட இல்லாத ஒரு அநாதைப் பையன், உடம்பெல்லாம் சிரங்கோடு, மங்கம்மாள் வீட்டுப் பக்கம் வருகிறான். அவன் பெயர் ராஜா. அந்த அம்மா அவனை விரட்டவில்லை. தன் பிள்ளைகளோடு சேர்த்துக்கொண்டு குளிப்பாட்டி விடுகிறார். வீட்டுக்காரருக்கென்று எடுத்து வைத்திருந்த துண்டு அவனுக்குப் போகிறது. தீபாவளியன்று, தன் வீட்டுக்கு ஜமீன் ராஜா வந்திருப்பதாக ராமசாமி பெருமை பேசும்போது, எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று மங்கம்மாள் சொல்கிறாள். இவ்வளவுதான் கதை. சண்டை கிடையாது, யாரும் சாகவில்லை, எந்த இடத்திலும் ஆசிரியர் வந்து அறிவுரை சொல்லவில்லை.

கதை படிக்கும்போது நான்தான் மங்கம்மாள் என்று நினைத்துக்கொண்டே படித்தேன். நாங்களும் வாடகை வீடு, அப்பா தறிக்காரர், தீபாவளிக்கு அம்மா தனக்குச் சேலை எடுக்கவில்லை. எல்லாம் பொருந்தி வந்தது. படித்து முடித்துப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கக் குடத்தை எடுத்துக்கொண்டு போனேன். குழாயடியில் வரிசையில் நிற்கும்போதுதான் சுள்ளென்று உறைத்தது. யூனிபார்மில் வந்தவள் ஞாபகம் வந்தது. "ஒங்க டிரஸ் எவ்வளவுட்டி" என்று பெஞ்சு பெஞ்சாகப் போய்க் கேட்டது யார்? நான் மங்கம்மாள் இல்லை. நான் ராமசாமி.

குடம் நிரம்பி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற ஆச்சி, "ஏளா, எந்த ஒலகத்துல நிக்க?" என்று சத்தம் போட்டார்கள்.

யாராவது பெரியவர்கள் என்னைக் கூப்பிட்டு, "ஏழைப் பிள்ளையைக் கேலி பண்ணக்கூடாது" என்று சொல்லியிருந்தால் சரி என்று தலையை ஆட்டியிருப்பேன். நீதிபோதனை வகுப்பில் எத்தனை தடவை ஆட்டியிருக்கிறோம்! அழகிரிசாமி அப்படி எதுவுமே சொல்லவில்லை. எழுபது வருஷத்துக்கு முன்னால் எழுதிய கதைக்குள் என்னை உட்கார வைத்து, என்னை எனக்கே காட்டிவிட்டார். ராமசாமியைக்கூட அவர் கெட்டவனாக எழுதவில்லை. சின்னப் பையன், பெருமையடிக்கிறான், அவ்வளவுதான். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. அரக்கன் மாதிரி எழுதியிருந்தால், நான் இவன் இல்லை என்று தப்பித்திருப்பேன்.

அதற்குப் பிறகு அவர் கதைகளைத் தேடித் தேடிப் படித்தேன். "அன்பளிப்பு" கதையில் வரும் சாரங்கனைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தத் தாள் போதாது. நூலகத்தில் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். கடைசிப் பக்கத்தை மட்டும் முதலில் புரட்டாதீர்கள். (நான் எப்போதும் அப்படித்தான் புரட்டுவேன். இந்தக் கதையில் அதைச் செய்து கெடுத்துக்கொண்டேன்.)

கி.ரா.விடம் அழகிரிசாமி வழியாகத்தான் போனேன். கூட்டாளி என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்கலாமே என்றுதான் எடுத்தேன். இவர் செய்தது வேறு. நான் ஆறாம் வகுப்பில் ஒரு பேச்சுப் போட்டிக்கு வெளியூர் போயிருந்தபோது, "நீங்க எங்கேருந்து வருதீய?" என்று கேட்டதற்கு ஒரு கூட்டமே சிரித்தது. அன்றிலிருந்து வெளியாள்களிடம் பேசும்போது "வருகிறீர்கள்", "சொல்கிறீர்கள்" என்று புத்தகத்தைப் பார்த்துப் படிக்கிற மாதிரி பேசுவேன். கி.ரா. புத்தகத்தைத் திறந்தால் எங்கள் ஆச்சி பேசுகிற பேச்சு அச்சில் இருக்கிறது! பள்ளிப் படிப்பையே முழுசாக முடிக்காதவர், கரிசல் சீமைச் சொற்களைத் திரட்டி அகராதியே போட்டிருக்கிறார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராகவும் இருந்தார். நான் வெட்கப்பட்ட பேச்சுக்கு அகராதி இருக்கிறது என்று தெரிந்த அன்று அம்மாவிடம் வேண்டுமென்றே, "எங்க போறிய, எப்ப வருதிய?" என்று நாலு தடவை கேட்டேன். "இவளுக்கு என்ன ஆச்சு" என்றார்கள் அம்மா.

அவருடைய "கதவு" கதையை ஒரு நாள் ராத்திரி கரண்ட் போன நேரத்தில் வீட்டில் சத்தமாக வாசித்தேன். வரிப் பாக்கிக்காக ஒரு ஏழை வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்தக் கதவுதான் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு பஸ். அதில் ஏறி நின்று ஆடி ஆடி ஊருக்குப் போய் விளையாடுவார்கள். போன வருஷம் எங்கள் தெருவில் தவணை கட்டவில்லை என்று ஒரு வீட்டிலிருந்து டிவிஎஸ் 50-ஐ எடுத்துக்கொண்டு போனார்கள். நிறுத்தியிருக்கும்போது அந்த வீட்டுச் சின்னப் பையன் அதில் ஏறி உட்கார்ந்து "டுர்ர்ர்" என்று ஓட்டிக்கொண்டே இருப்பான். வண்டி போன பிறகு அது நின்றிருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. அவன் அந்தக் கறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். "கதவு" வாசிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது இதனால்தான்.

அப்பா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். "கதை படிச்சா மார்க்கு வருமா?" என்று அடிக்கடி கேட்பார். அன்று ஒன்றும் கேட்கவில்லை. கரண்ட் வந்து தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது. அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டே, "கதவு இல்லாத வீட்டுல பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு ராத்திரி எப்பிடிப் படுத்தாகளோ" என்றார். யாரிடமும் சொல்வது போல இல்லை. மார்க்கு வருமா என்ற கேள்விக்கு என்னிடம் இன்னமும் பதில் கிடையாது. என் மார்க் ஷீட்டைப் பார்த்த ஆசிரியர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

மறுபடி அவள் விஷயம். குழாயடியில் உறைத்ததே ஒழிய, அவளிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. ஒன்பதாம் வகுப்பு முழுக்க அவளைப் பார்க்கும்போதெல்லாம் பேனா இரவல் கேட்பேன், தேவையே இல்லாமல். பத்தாம் வகுப்பில், ஆடித்தபசுக்கு மூன்று நாள் முன்னால், சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் வைத்துச் சொன்னேன். "எட்டாப்புல கலர் டிரஸ் அன்னைக்கு ஒன்னைய ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா?"

இல்லை என்று சொல்வாள், நாமும் நிம்மதியாகப் போகலாம் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"இருக்கு" என்றாள்.

எனக்கு வாய் வரவில்லை. கதையைச் சொன்னேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தி, "கதைய நீ சொல்லாத. புஸ்தகத்தைக் குடு, நானே படிச்சுக்கிடுதேன்" என்றாள். என் கார்டில் எடுத்துக் கொடுத்தேன். பத்து நாள் கழித்துத் திரும்பக் கொண்டுவந்தாள். கிழிந்திருந்த அட்டைக்குப் பழுப்புத் தாள் ஒட்டி, பெயரை எழுதியிருந்தாள். நல்ல கையெழுத்து. கதை எப்படி இருந்தது என்று கேட்டேன். அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்திருக்கும் என்று ஒரு நினைப்பு எனக்கு.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா தீபாவளிக்கு மறுநாள் அந்தப் பையன் எங்க போவான்? அத எழுதலியே" என்றாள்.

நான் அந்தக் கதையைப் பத்துத் தடவையாவது படித்திருப்பேன். ராமசாமியைப் பற்றி யோசித்திருக்கிறேன், மங்கம்மாளைப் பற்றி யோசித்திருக்கிறேன், என்னைப் பற்றித்தான் அதிகமாக யோசித்திருக்கிறேன். மறுநாள் ராஜா எங்கே போவான் என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் நூலகத்துக்குப் போகிறோம். இப்போது அவளுக்கென்று தனிக் கார்டு இருக்கிறது. பூமணியின் "வெக்கை"யை என்னைவிட வேகமாகப் படித்து முடித்தாள்.

இந்தத் தாளைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் அவளிடம் காட்டி, எழுதலாமா என்று கேட்டேன். நின்றுகொண்டே முழுவதும் படித்தாள். ஒரு எழுத்துப் பிழையையும் திருத்தினாள்.

"எழுது. என் பேரு மட்டும் போடாத" என்றாள். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "அன்னைக்கு நான் போட்டிருந்த யூனிபார்ம் தொவச்சுத் தேச்சுப் போட்டது. முந்துன நாள் ராத்திரி எங்கம்மா தேச்சுக் குடுத்தது. அதையும் எழுது."

எழுதிவிட்டேன்.

— பதினொன்றாம் வகுப்பு மாணவி