பேய்க்கு என்ன குறை?

பேய் என்றால் உங்களுக்குப் பயம் வருகிறதா, சிரிப்பு வருகிறதா? "இரண்டும்தான்" என்று நீங்கள் சொன்னால், சமீப காலத்துத் தமிழ்ப் படங்களைத் தவறாமல் பார்க்கிறவர் நீங்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். பேயையும் ஹாஸ்யத்தையும் ஒரே வீட்டில் குடி வைத்து, இரண்டிடமும் வாடகை வசூலித்தவர்களில் முக்கியமானவர் ராகவா லாரன்ஸ். 2007-ல் 'முனி', 2011-ல் 'காஞ்சனா', 2015-ல் 'காஞ்சனா 2', 2019-ல் 'காஞ்சனா 3'. ஒலிம்பிக் பந்தயம் மாதிரி, நாலு வருஷத்துக்கு ஒரு தடவை பேய் வந்துகொண்டிருந்தது.

வந்தது சரி; வர வர எப்படி இருந்தது? இதுதான் ரசிகர்களுக்குள்ளே தீராத வழக்கு. தொடர்கதை படிக்கிற உங்களுக்கு இந்த வேதனையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் பத்து வாரம் தபால்காரரை வாசலிலேயே மறித்துப் பத்திரிகையைப் பிடுங்கியவர்கள், நாற்பதாவது வாரத்தில், "கதாநாயகிக்குச் சீக்கிரம் கல்யாணத்தைப் பண்ணித் தொலைக்கக் கூடாதா?" என்று பெருமூச்சு விடுவார்கள். ஆனாலும் படிப்பதை நிறுத்தமாட்டார்கள்!

இந்த வழக்கின் விசாரணையை நான் முழுசாகக் கேட்டது கனகசெட்டிக்குளத்தில். புதுவையின் வடகோடியில், காலாப்பட்டுக்கு அடுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிற ஊர். சென்னையிலிருந்து அந்தச் சாலையில் வருகிறவர்களுக்குப் புதுவை எல்லை அங்கேதான் ஆரம்பம். 1954 நவம்பர் முதல் தேதி வரையில் அது பிரெஞ்சுக்காரர் சீமை. இன்று எல்லையைத் தாண்டியதும் சில பேருடைய முகம் மலர்வதற்குக் காரணம் வேறு. அதை இங்கே பிரஸ்தாபிக்க வேண்டாம். என் சித்தி வீடு அந்த ஊரில். சென்ற கோடையில் இரண்டு நாள் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெலிவிஷனில் 'காஞ்சனா 3' போட்டார்கள். படம் பாதி ஓடுவதற்குள் வீட்டில் கட்சி பிரிந்துவிட்டது.

கல்லூரியில் படிக்கிற சித்தியின் பேரன்தான் வாதி. "ரெண்டாவது படத்துல பேய் எப்ப வரும்னு நெஞ்சு அடிச்சுக்கும் அத்தை. இதுல சத்தம் போட்டே சொல்லிடறாங்க. காது வலிக்குதே தவிர பயம் வரலை" என்றான்.

சித்தி பிரதிவாதி. இந்த வரிசையில் ஒரு வேடிக்கை உண்டு, உங்களுக்கும் நினைவிருக்கும். பேய் என்றதும் அவ்வளவு பெரிய பிள்ளை துள்ளிக் குதித்து அம்மாவின் இடுப்பில் ஏறிக்கொள்வான். அந்த அம்மாவாக வருகிற கோவை சரளாவின் முகத்தைப் பார்த்தால் சித்திக்கு இன்றைக்கும் சிரிப்பு அடங்குவதில்லை. "சிரிப்பு வருதா இல்லையா? அதுக்கு மேல என்னடா வேணும்?" என்று ஒரே போடாகப் போட்டாள்.

அண்ணிதான் அடுப்படியிலிருந்தே குறுக்கு விசாரணை செய்தவள். "சிரிக்கலாம் அத்தை, ஒரு தடவை சிரிக்கலாம். ஒவ்வொரு படத்துலயும் அதே இடுப்புன்னா எப்படி? அதை விடுங்க. மூணு பொண்ணுங்க. ஓவியா, வேதிகா, நிக்கி தம்போலி. மூணு பேருக்கும் ஒருத்தன் பின்னாடி ஓடறதைத் தவிர வேற வேலையே கிடையாதா?"

சித்தி பதில் சொல்லவில்லை. கேள்வி நியாயமானது என்று ஒப்புக்கொள்வதற்கு மாமியார்கள் கையாளுகிற முறை அது.

பையன் விடவில்லை. வெளிநாட்டிலும் இதே சண்டைதானாம். பிணங்கள் எழுந்து நடக்கிற 'ஜோம்பி' படங்களுக்கு வழி போட்டவர் ஜார்ஜ் ரொமேரோ என்ற அமெரிக்க டைரக்டர். 1968-ல் தொடங்கி 2009-க்குள் அந்த வரிசையில் ஆறு படங்கள் எடுத்தார். முதல் மூன்றும் கடைசி மூன்றும் சமமா என்று அங்கேயும் அடிதடிதான். நம் பக்கத்திலும் 2016-ல் 'மிருதன்' என்று அந்த ரகத்தில் ஒரு படம் வந்தது.

சித்திக்கு ஒரு சந்தேகம். "ஏண்டா, எழுந்து வர்ற பிணத்துக்கு என்ன வேணுமாம்?"

"மனுஷன் மாமிசம், பாட்டி."

"அவ்வளவுதானா? யார் மேலயும் கோபம் கிடையாதா?"

"கிடையாது. அதுக்கு ஞாபகமே இருக்காது."

"அப்புறம் எதுக்கு எழுந்து வரணும்?" என்றாள் சித்தி.

எனக்கு அந்தக் கேள்வி பிடித்துப் போய்விட்டது. சீமைப் பிணத்துக்குப் பசி உண்டு. பேர், ஊர், ஞாபகம் கிடையாது. நம் பேய்க்கு எல்லாம் உண்டு. யார் கெடுத்தார்கள், எந்த நிலத்தைப் பிடுங்கினார்கள், எங்கே புதைத்தார்கள் என்று பத்திரப் பதிவு ஆபீஸ் மாதிரி ஒப்பிக்கும். இருந்தாலும் ரொமேரோவின் அந்த முதல் படம் இத்தனை வருஷம் நிற்பதற்குக் காரணமும் ஒரு மனுஷ அநியாயம்தான். இரவு முழுவதும் பிணங்களோடு போராடித் தப்பிக்கிற நாயகன் ஒரு கறுப்பு மனிதன். விடிந்ததும் உயிரோடிருக்கிற மனிதர்கள் அவனையும் பிணமென்று நினைத்துச் சுட்டுவிடுகிறார்கள். பார்த்தவர்கள் மறக்காதது அந்தத் துப்பாக்கிச் சத்தத்தைத்தான்.

இப்போது நம் வரிசையைப் பாருங்கள். 'முனி'யில் ராஜ்கிரண் வேஷம் போட்ட முனியாண்டி, அரசியல்வாதியை நம்பி மோசம் போன ஏழை. 'காஞ்சனா'வில் சரத்குமார் நடித்த காஞ்சனா, பெற்றவர்கள் வீட்டை விட்டுத் துரத்திய திருநங்கை. ஒரு முஸ்லிம் பெரியவர் அடைக்கலம் கொடுக்கிறார். தான் படிக்க முடியாததைத் தன்னைப் போன்ற இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்து, அவளை டாக்டராக்குகிறாள். ஆஸ்பத்திரி கட்ட வாங்கிய நிலத்துக்காகக் கொலையுண்டு போகிறாள். இந்தக் கதையைத்தான் 2012-ல் கன்னடத்திலும் 2020-ல் ஹிந்தியிலும் திரும்ப எடுத்தார்கள்.

மூன்றாவதாக வந்த 'காஞ்சனா 2'-ல் ஒரு வேடிக்கை. முதலிடத்தைப் பறிகொடுத்த ஒரு டெலிவிஷன் கம்பெனி, ஜனங்களை இழுப்பதற்காகக் கடலோர பங்களா ஒன்றில் பொய்ப் பேய் காட்டப் புறப்படுகிறது. நிஜப் பேயிடம் மாட்டிக்கொள்கிறது. வசூலுக்காகப் பேய் பிடிக்கக் கிளம்பினால் என்ன ஆகும் என்று படமே எச்சரிக்கை செய்துவிட்டது! 'காஞ்சனா 3'-ல் செத்துப் பேயாகும் நல்லவன் காளியும் லாரன்ஸே. பேயும் அவரே, பேய்க்குப் பயப்படுகிறவரும் அவரே என்றால், நமக்கு உட்கார இடம் எங்கே?

வழக்கில் கடைசி சாட்சி சொன்னவர் பின்தெரு மீனவர் குப்பத்து ஆயா. கூடையைத் தூக்குவதை விட்டுச் சில வருஷம் ஆகிறது. காஞ்சனா வரிசையில் எந்தப் படம் போட்டாலும் சித்தி வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல், வாசற்படியில் உட்கார்ந்து பார்ப்பார். அன்றைக்குப் படம் முடிந்ததும், "இதுல யாருக்காக அழணும்னே தெரியலையேம்மா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

சாயங்காலம் கடற்கரையில் அவரைப் பார்த்தேன். 'காஞ்சனா'வை எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள் என்று கேட்டேன்.

"எத்தனையோ தடவை. ஆனா முழுசாப் பாத்ததில்லை. பெத்தவங்க தொரத்தினதும் ஒரு பாய் கூட்டிப் போய் வச்சுக்கறாரு பாரு, அந்த இடத்துல எழுந்துடுவேன்."

"ஏன் ஆயா?"

"எம் பெரியவளை யாரு கூட்டிப் போனாங்களோ."

பதினேழு வயசில் போன பிள்ளையாம். தகப்பன் துடுப்பை எடுத்துக்கொண்டு நின்றானாம். "நான் குறுக்கே போயிருக்கலாம். ஊரு பாத்துக்கிட்டு இருந்துது, வாயைத் தொறக்கலை" என்றார். இப்போது அந்தத் தகப்பன் இல்லை. தூரத்து ஊர் ஒன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் போன் வருகிறதாம். "சாப்பிட்டியாம்மான்னு கேக்கறா. வீட்டுக்கு வாடின்னா சிரிக்கிறா." ஊரார் இன்னமும் 'பெரியவன்' என்றுதான் சொல்கிறார்களாம். ஆயா மட்டும் 'பெரியவ' என்கிறார்.

'காஞ்சனா' வந்த 2011-ல் சட்டம்கூடத் தயங்கிக்கொண்டுதான் இருந்தது. தமிழ்நாட்டில் 2008-ல் திருநங்கைகளுக்கு நல வாரியம் ஏற்பட்டிருந்தது வாஸ்தவம். ஆனால் ஆண், பெண் என்ற இரண்டு கட்டங்களுக்கு அப்பால் அவர்களுக்கு ஓர் இடம் உண்டு என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது 2014 ஏப்ரல் 15-ஆம் தேதிதான். அதுவரை தமிழ்ப் படங்களில் அவர்கள் பெரும்பாலும் கேலிக்குத்தான் வருவார்கள். அப்படியிருக்க, ஒரு பெரிய நடிகர் புடவை கட்டிக்கொண்டு நின்று நியாயம் கேட்டபோது, கொட்டகையில் சிரிக்க வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதிலும் ஒரு குறை உண்டு. நியாயம் கேட்பதற்குக் காஞ்சனா சாக வேண்டியிருந்ததே! உயிரோடிருந்தபோது அவள் குரல் யார் காதில் விழுந்தது?

ஆகவே, நேயர்களே, என் தீர்ப்பு இதுதான். பாகத்தின் எண் கூடினதால் படம் கெடவில்லை. சுந்தர் சி.யின் 'அரண்மனை' வரிசையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் ஆரம்பித்தது, 2021-ல் மூன்றாம் பாகம் வந்தபோது, "போதுமப்பா!" என்றவர்கள் பல பேர். ஆனால் 2024-ல் நாலாம் பாகம் நன்றாக ஓடியது. அதில் அஸ்ஸாம் நாட்டுக் கதைகளிலிருந்து 'பாக்' என்று ஒரு நீர்ப்பேயைக் கூட்டி வந்திருந்தார்கள். ஆனால் எங்கள் அண்ணிக்கு நினைவிருப்பது அதுவல்ல. செத்த பிறகும் தன் குழந்தைகளை விட்டுப் போக மனமில்லாமல் காவல் நிற்கிற தாய், தமன்னா, அவளைத்தான் சொல்லிச் சொல்லி மாய்கிறாள். தாய்க்கு ஒரு கவலை இருந்தது. படத்துக்கு உயிர் இருந்தது.

படமுதலாளிகளுக்கு என் விண்ணப்பம் சின்னது. அடுத்த பாகத்துக்கு எத்தனை பேய், எத்தனை கதாநாயகி, எத்தனை கோடி என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், பேய்க்கு என்ன குறை என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

உங்களுக்கும் ஒன்று சொல்லலாமா? குறை சொல்ல வருகிறவர்கள் எல்லோரும் கூந்தலை விரித்துக்கொண்டு, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. சில பேர் வெள்ளிக்கிழமை போனில், "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். அந்தப் போனை உடனே வைத்துவிடாதீர்கள்.